மக்பெத் நாடகத்தில் துரோகமும் குற்றவுணர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தைப் படிப்பவர்களும் மேடையேற்றுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. 2.2 என்று இருந்தால் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி என்று கொள்ளவும்.

கதை மறந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஸ்காட்லாந்தின் தளபதி மக்பெத், கலகத்தை அடக்கிவிட்டு நண்பன் பாங்கோவுடன் திரும்புகிறான். வழியில் மூன்று சூனியக்காரிகள், அவன் காவ்டர் சிற்றரசன் ஆவான், பிறகு அரசனும் ஆவான் என்கிறார்கள். பாங்கோவின் வம்சம் அரசாளும் என்றும் சொல்கிறார்கள். முதல் வாக்கு உடனே பலிக்கிறது. மன்னன் டங்கன் மக்பெத்தின் கோட்டைக்கு விருந்தாளியாக வருகிறான். மனைவி தூண்ட, அன்றிரவே மக்பெத் அவனைக் குத்திக் கொல்கிறான். பழி காவலர்கள் மேல் விழுகிறது. அவர்களையும் அவனே வெட்டிவிடுகிறான். இளவரசர்கள் மால்கமும் டொனல்பெய்னும் தப்பி ஓட, மக்பெத் முடிசூடுகிறான். அடுத்து பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்புகிறான், அதற்கும் அடுத்து மக்டஃப் என்ற பிரபுவின் மனைவி மக்களை. லேடி மக்பெத் மனம் பிறழ்ந்து சாகிறாள். இங்கிலாந்துப் படையோடு வந்த மக்டஃப் மக்பெத்தின் தலையை வெட்டுகிறான்.

இது பேராசையின் நாடகம் என்றுதானே பாடங்களில் இருக்கிறது? துரோகம் எங்கே வந்தது?

பேராசை என்பது பாதி விடை. டங்கனைக் கொல்லக் கூடாது என்பதற்கான காரணங்களை மக்பெத்தே 1.7இல் அடுக்குகிறான். நான் அவர் உறவினன், அவர் குடிமகன், இன்று அவருக்கு விருந்து தருபவன். கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டியவன் நானே கத்தியை எடுக்கலாமா? இதற்குப் பிறகுதான் டங்கன் நல்ல அரசன் என்பதையும் சேர்க்கிறான். கவனியுங்கள், பட்டியலில் முதலில் வருபவை உறவுகள். சட்டமும் தண்டனையும் பற்றிய கணக்கை அவன் பேச்சின் தொடக்கத்திலேயே பார்த்து முடித்துவிட்டான்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவனைத்தான் நாம் பொதுவாகப் பழிப்போம். இங்கே உணவு படைத்தவனே இரண்டகம் செய்கிறான். டங்கன் தூங்கப் போகும் முன் லேடி மக்பெத்துக்கு ஒரு வைரத்தைப் பரிசாகக் கொடுத்தனுப்புகிறார் (2.1). அந்தச் சிறிய விவரத்தைப் பல தயாரிப்புகள் வெட்டிவிடுகின்றன. வெட்டக் கூடாது. கொல்லப் போகிறவனின் கையில் கொல்லப்படப் போகிறவரின் நன்றிப் பரிசு வந்து சேர்கிறது.

நாடகம் முழுக்க மக்பெத் அறுப்பது இந்தக் கயிறுகளைத்தான், ஒவ்வொன்றாக: அரசன், நண்பன், மனைவி, கடைசியில் ஒரு தீங்கும் செய்யாத பெண்ணும் குழந்தையும்.

பழைய காவ்டர் சிற்றரசனின் துரோகம் எதற்காகச் சொல்லப்படுகிறது? மேடைக்கே வராத ஆள்தானே?

1.4இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறிய செய்தி வருகிறது. ஒருவன் மனத்தில் இருப்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, அவனை நான் முழுக்க நம்பியிருந்தேன் என்று டங்கன் புலம்புகிறார். அந்த வரி முடிவதற்கும் மக்பெத் உள்ளே நுழைவதற்கும் இடையில் வேறு வசனமே இல்லை. துரோகியின் பட்டத்தைத் துரோகியாகப் போகிறவனுக்கு வழங்கிய மன்னர், அவனை மனமாரப் பாராட்டுகிறார். ஒத்திகையில் இந்த நுழைவை அரை நொடி தாமதித்தாலும் குத்தல் மழுங்கிவிடும். கடைசிச் சொல்லோடு மக்பெத்தின் கால் மேடையில் பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சூனியக்காரிகள்தான் காரணமா?

இல்லை. ‘கொல்’ என்று அவர்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதே வாக்கைக் கேட்ட பாங்கோ யாரையும் கொல்லவில்லை.

குற்றவுணர்ச்சி எந்த இடத்தில் தொடங்குகிறது? கொலைக்குப் பிறகா?

பலர் சறுக்கும் இடம் இது. 1.3இலேயே, வாக்கைக் கேட்ட சில நிமிடங்களில், மனத்தில் எழுந்த ஒரு காட்சியால் தன் மயிர் சிலிர்ப்பதாகவும் இதயம் விலா எலும்பில் மோதுவதாகவும் மக்பெத் சொல்கிறான். அப்போது டங்கன் உயிரோடு இருக்கிறார். யாரும் எதுவும் திட்டமிடவில்லை. 2.1இல் அந்தரத்தில் மிதக்கும் கத்தி தெரிகிறது, பார்க்கும்போதே அதில் ரத்தம் துளிர்க்கிறது. அதுவும் கொலைக்கு முன்புதான்.

ஆக, தெரியாமல் செய்துவிட்டுப் பிறகு வருந்தும் மனிதன் அல்ல இவன். தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்பது நன்றாகத் தெரிந்து, சுடுவதை உணர்ந்துகொண்டே செய்கிறான். இந்த நாடகத்தின் பயங்கரம் அதில்தான் இருக்கிறது. மனசாட்சி இருந்தால் மனிதன் தவறு செய்ய மாட்டான் என்ற நம்பிக்கையை மக்பெத் முதல் அங்கத்திலேயே உடைத்துவிடுகிறான்.

டங்கன் கொலையை ஏன் மேடையில் காட்டுவதில்லை?

கொலையைவிட, அது முடிந்ததும் மேடையில் நிற்கும் கணவனும் மனைவியும் முக்கியம் என்பதால். 2.2ஐத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். இருவரும் ஒற்றைச் சொல், இரட்டைச் சொற்களில் பேசிக்கொள்கிறார்கள். சத்தம் கேட்டதா? பேசினாயா? எப்போது? இப்போது. பிறகு மக்பெத் சம்பந்தமில்லாததுபோல் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறான். பக்கத்து அறையில் இருவர் விழித்து, ஜெபித்து, மறுபடி தூங்கினார்கள். அவர்கள் இறைவன் அருளைக் கேட்டபோது ‘ஆமென்’ என்று தன்னால் சொல்ல முடியவில்லை, சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இனி உனக்குத் தூக்கமில்லை என்று ஒரு குரல் கேட்டதாகவும் சொல்கிறான்.

அவள் கேட்பதெல்லாம் நடைமுறைக் கேள்விகள். கத்திகளை ஏன் இங்கே கொண்டுவந்தாய்? காவலர்கள் பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்? போய் வைத்துவிட்டு, அவர்கள் முகத்தில் ரத்தம் பூசிவிட்டு வா. அவன் மறுக்கிறான். அவளே போகிறாள். அவள் உள்ளே இருக்கும்போதுதான் கதவு தட்டும் சத்தம் தொடங்குகிறது.

திரும்பி வந்ததும், உன் கை நிறம்தான் என் கைக்கும் என்கிறாள். கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவினால் போய்விடும் என்கிறாள். அவனோ சற்று முன்புதான், கடல் முழுவதும் சேர்ந்தாலும் போகாது, கடல்தான் சிவக்கும் என்று சொல்லியிருந்தான். ஐந்தாம் அங்கத்தில் இந்த இரண்டு நிலைகளும் அப்படியே இடம் மாறும். நடிக்கிறவர்கள் ‘கொஞ்சம் தண்ணீர்’ வசனத்தைச் சாதாரணமாக, வீட்டு வேலை சொல்வதுபோல் சொல்ல வேண்டும். அதிலேயே அழுத்தம் கொடுத்துவிட்டால் பின்னால் வருவதற்கு இடமிருக்காது.

லேடி மக்பெத் கல்நெஞ்சக்காரியா?

கல்நெஞ்சு வேண்டும் என்று கேட்கிறவள். 1.5இல் தன் இரக்கத்தை அடைத்துவிடும்படி ஆவிகளை வேண்டுகிறாள். இயல்பாகவே இரக்கமில்லாதவளுக்கு அந்த வேண்டுதல் எதற்கு? 2.2இன் தொடக்கத்தில் மது தந்த துணிச்சலோடு நிற்கிறாள். தூங்கும் டங்கன் தன் அப்பாவைப் போல் தெரிந்ததால் தன்னால் கை ஓங்க முடியவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறாள். அந்த வரியைத் தவறவிட்டவர்கள் 5.1ஐப் பார்த்து, ‘திடீரென்று எப்படி மாறினாள்?’ என்று கேட்பார்கள். திடீரென்று அல்ல. 3.2இல் தனியாக இருக்கும்போது, எல்லாவற்றையும் செலவழித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். கணவன் உள்ளே வந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, நடந்தது நடந்ததுதான் என்று அவனைத் தேற்றுகிறாள். அவன் பயத்தை அவளிடம் கொட்டுகிறான். அவள் யாரிடமும் கொட்டவில்லை.

2.3இல் லேடி மக்பெத் மயங்கி விழுவது நடிப்பா, நிஜமா?

இரண்டு விதமாகவும் நடிக்கப்பட்டிருக்கிறது. காவலர்களை ஏன் கொன்றாய் என்று மக்டஃப் கேட்டவுடன் மக்பெத் அளவுக்கு மீறி அலங்காரமாகப் பேசுகிறான்: வெள்ளித் தோல், அதன்மேல் பொன்னிழை ரத்தம். அவன் உளறிக் கொட்டுவதற்குள் கவனத்தைத் திருப்ப விழுந்தாள் என்று கொள்ளலாம். ஆனால் காவலர்களைக் கொல்வது அவர்கள் போட்ட திட்டத்திலேயே இல்லை. தன்னைக் கேட்காமல் கணவன் கொன்றிருக்கிறான் என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் தெரிகிறது. அதனால் நிஜ மயக்கம் என்ற பக்கமே எங்களுக்கு வலுவாகப் படுகிறது. எதுவானாலும் ஒத்திகைக்கு முன்பே ஒன்றைத் தீர்மானியுங்கள். பார்வையாளர்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டால் வெறும் தடுமாற்றமாகத்தான் தெரியும்.

பாங்கோ முழு நிரபராதியா?

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ரஃபேல் ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் (முதல் பதிப்பு 1577, இரண்டாம் பதிப்பு 1587) பாங்கோ டங்கன் கொலைக்கு உடந்தை. நாடகம் எழுதப்பட்டது 1606 வாக்கில். அப்போது இங்கிலாந்தின் அரியணையில் இருந்த முதலாம் ஜேம்ஸ், பாங்கோவின் வழிவந்தவராகச் சொல்லிக்கொண்டவர். கொலையில் பங்கு என்ற கறையை ஷேக்ஸ்பியர் துடைத்தது ஏன் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனாலும் முழுக்கத் துடைக்கவில்லை. 3.1இல் பாங்கோ, நீ கேவலமாக ஆடித்தான் இதைப் பெற்றாய் என்று அஞ்சுகிறேன் என்று தனக்குள் சொல்கிறான்; அடுத்த மூச்சில் தன் வம்சத்துக்குச் சொல்லப்பட்ட வாக்கும் பலிக்குமே என்று நினைக்கிறான்; மக்பெத் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறான். சந்தேகத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டதும் ஒருவகைத் துரோகம்தான்.

டங்கன் கொலைக்கும் பாங்கோ கொலைக்கும் என்ன வேறுபாடு?

முதலாவதில் கணவனும் மனைவியும் கூட்டு. இரண்டாவதில் அவன் தனி ஆள். என்ன செய்யப் போகிறாய் என்று அவள் கேட்கும்போது, தெரியாமல் இரு கண்ணே, முடிந்ததும் பாராட்டு என்கிறான் (3.2). கொஞ்சலில் சுற்றப்பட்ட கதவடைப்பு அது. அந்தத் திருமணம் உடைவது இந்த இடத்தில்தான்.

தன் கையால் குத்தாமல் கூலிக்கு ஆள் பிடிக்கிறான், அவர்களிடமும் பொய் சொல்கிறான்: உங்கள் கஷ்டங்களுக்கெல்லாம் பாங்கோதான் காரணம் என்கிறான். இருவரை ஏவிவிட்டு, அவர்களை நம்பாமல் மூன்றாவது ஆளையும் அனுப்புகிறான். 3.4இன் முடிவில், ஒவ்வொரு பிரபுவின் வீட்டிலும் தன் காசு வாங்கும் வேலைக்காரன் இருப்பதாக அவனே சொல்கிறான். துரோகத்தால் ஆட்சியைப் பிடித்தவன் எல்லாரையும் துரோகியாகவே பார்க்கிறான்.

இங்கே குற்றவுணர்ச்சியின் திசையும் மாறுகிறது. 3.2இல் மனம் முழுக்கத் தேள்கள் என்கிறான், கல்லறையில் டங்கன் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று பொறாமைப்படுகிறான். அந்த வேதனைக்கு அவன் கண்டுபிடித்த மருந்து அடுத்த கொலை. பாங்கோவும் அவன் மகன் ஃப்ளீயன்ஸும் போனால் தூக்கம் வரும் என்று நம்புகிறான். ஃப்ளீயன்ஸ் தப்பிவிடுகிறான். தூக்கம் வரவில்லை. மருந்தின் அளவு கூடுகிறது.

விருந்துக் காட்சியில் பாங்கோவின் ஆவி கண்ணுக்குத் தெரிய வேண்டுமா?

1623இல் அச்சான, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பின் மேடைக்குறிப்பு தெளிவாக இருக்கிறது: ஆவி வருகிறது, மக்பெத்தின் இருக்கையில் உட்காருகிறது. 1611இல் லண்டன் குளோப் அரங்கில் நாடகம் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற ஜோதிட வைத்தியரின் குறிப்பிலும் ஆவி நாற்காலியில் அமர்வது இருக்கிறது. நடிகர் ஜான் ஃபிலிப் கெம்பிள் 1794இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஆவியைக் காட்டாமல் வெறும் நாற்காலியை வைத்தார்.

ஆவி தெரிந்தால் பார்வையாளர்கள் மக்பெத்தின் பயத்துக்குள் இருப்பார்கள். தெரியாவிட்டால் விருந்தினர்களோடு உட்கார்ந்து ஒரு மன்னன் பைத்தியமாவதைப் பார்ப்பார்கள். இரண்டும் சரிதான். வெற்று நாற்காலிக்கு மிகத் தேர்ந்த மக்பெத் வேண்டும்.

ஆவியை வரவழைப்பதானால் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது பார்வைக் கோடு. மக்பெத் மேடையின் முன்பக்க ஓரத்தில் கொலையாளியோடு கிசுகிசுத்துக்கொண்டிருக்கும்போது எல்லாக் கண்களும் அங்கேதான் இருக்கும். அப்போது பாங்கோ பரிமாறுபவர்களின் பின்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடலாம். புகை தேவையில்லை, புகை வந்தாலே ‘இதோ ஆவி’ என்று அறிவித்ததாகிவிடும். விருந்தினர்கள் யாரும் ஆவியைத் தப்பித் தவறியும் பார்க்கக் கூடாது, அந்த நாற்காலியைக் காலியானதாகவே நினைத்துச் சுட்டிக்காட்ட வேண்டும். இதில்தான் அனுபவமில்லாத குழுக்கள் கோட்டை விடுகின்றன. ஆவி இரண்டு முறை வருகிறது. பாங்கோ இங்கே இல்லையே என்று மக்பெத் போலியாக வருந்துவதும் இரண்டு முறை. அவனே கூப்பிடுகிறான், பாங்கோ வருகிறான்.

மக்டஃப் குடும்பத்தை விட்டுப் போனதும் துரோகம்தானே?

அவன் மனைவி அப்படித்தான் சொல்கிறாள் (4.2): அவருக்கு எங்கள்மேல் பாசமில்லை, சின்னஞ்சிறு குருவிகூடத் தன் கூட்டுக்காக ஆந்தையோடு மோதுமே. துரோகி என்றால் யார் என்று மகன் கேட்க, சத்தியம் செய்து பொய் சொல்பவன் என்கிறாள். சற்று நேரத்தில் கொலையாளிகள் நுழைகிறார்கள். நாடகம் மக்டஃபை விட்டுக்கொடுக்கவில்லை, காப்பாற்றவும் இல்லை.

செய்தி கேட்டதும் (4.3) மக்டஃப், பாவி மக்டஃப், உன் பொருட்டுத்தான் அவர்கள் செத்தார்கள் என்று தன்னையே சாடுகிறான். ஆண்மகனாகத் தாங்கு என்று மால்கம் சொல்ல, தாங்குவேன், ஆனால் மனிதனாக உணரவும் வேண்டுமே என்கிறான். ‘நீ ஆண்தானா?’ என்று கேட்டுக் கேட்டே லேடி மக்பெத் கணவனைக் கொலைக்குத் தள்ளினாள். அதற்கான மறுமொழி இவன் வாயிலிருந்து வருகிறது. நீளம் என்று 4.3ஐ வெட்டுபவர்கள் இந்தப் பகுதியையாவது விட்டுவைக்கவும்.

தூக்கத்தில் நடக்கும் காட்சியில் (5.1) லேடி மக்பெத் பேசுவது ஏன் கோர்வையில்லாமல் இருக்கிறது?

உளறல்போல் கேட்டாலும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மூலம் இருக்கிறது. ‘ஒன்று, இரண்டு, செய்ய வேண்டிய நேரம்’ என்பது டங்கன் கொலைக்கு அடித்த மணி. அந்தக் கிழவருக்குள் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள் என்பது கத்திகளைத் திரும்ப வைக்கப் போன அறை. ஃபைஃப் சிற்றரசனுக்கு ஒரு மனைவி இருந்தாளே, எங்கே அவள் என்பது லேடி மக்டஃப். அந்தக் கொலையில் இவளுக்குப் பங்கே இல்லை, ஆனாலும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறாள். இப்படித் திடுக்கிட்டு எல்லாவற்றையும் கெடுக்கிறீர்களே என்பது விருந்து. பாங்கோவைப் புதைத்தாயிற்று, அவன் எழுந்து வர மாட்டான் என்பதும் அதே இரவின் சாயல். கடைசியில் கதவு தட்டும் சத்தம், படுக்கப் போவோம்.

அரசகுலத்தாருக்கு வழக்கமான செய்யுளை விட்டு இந்தக் காட்சியில் உரைநடையில் பேசுகிறாள். நடிப்பவர் ஒத்திகையில் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே மூலக் காட்சியை எழுதி, அந்தக் காட்சியில் நின்ற இடத்தை நோக்கிப் பேசிப் பழகினால் தாவல்கள் தானாகவே தெளிவாகும். வழக்கமான தவறு, தொடக்கம் முதல் அழுவது. அவள் அழுவதில்லை, அதட்டுகிறாள், கழுவுகிறாள், முகர்கிறாள். பெருமூச்சு ஒன்றுதான், அது கையிலிருந்து ரத்த வாடை போகவில்லை என்ற இடத்தில் வருகிறது.

மெழுகுவர்த்தியை என்ன செய்வது என்பது பழைய தகராறு. முந்தைய நடிகைகள் அதைக் கையிலேயே வைத்திருந்தார்கள். 1785இல் லண்டனில் சாரா சிடன்ஸ் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தேய்த்தார். மரபை மீறாதே என்று அரங்க நிர்வாகி ஷெரிடன் தடுத்தும் கேட்கவில்லை. இன்று பெரும்பாலானோர் செய்வது சிடன்ஸ் செய்ததைத்தான். ஒரு கையில் விளக்கோடு கை கழுவ முடியாது என்ற எளிய உண்மை அவர் பக்கம் இருந்தது.

மேடை ரத்தத்தை எப்படித் தயாரிப்பது? 2.3க்குள் எப்படிக் கழுவுவது?

2.2க்குக் கைக்கு மட்டும் ரத்தம் போதும். வாசனையில்லாத, நிறமில்லாத திரவ சோப் 100 மில்லி, சிவப்பு உணவு நிறமி ஒரு தேக்கரண்டி, கோகோ பொடி அரைத் தேக்கரண்டி, நீல நிறமி ஒரு சொட்டு. கோகோவை முதலில் சில சொட்டுத் தண்ணீரில் குழைக்காவிட்டால் கட்டி தட்டும். நீலம் கூடினால் ஊதாவாகிவிடும். சோப் கலந்திருப்பதால் கண், வாய்ப் பக்கம் போகக் கூடாது. பாங்கோவின் தலைக்காயத்துக்கு சோப்புக்குப் பதில் கெட்டியான சர்க்கரைப் பாகு சேர்த்த கலவையைத் தனியாகச் செய்யுங்கள். முந்தைய நாளே நடிகரின் மணிக்கட்டிலும் உடைத் துணியின் ஓரத்திலும் பூசிச் சோதித்துப் பாருங்கள். சில நிறமிகள் தோலில் மறுநாள் வரை நிற்கும்.

மக்பெத் 2.2 முடிவில் உள்ளே போய் 2.3இல் இரவு அங்கியோடு சுத்தமான கையுடன் வர வேண்டும். நடுவில் இருப்பது குடிபோதையில் வரும் வாயிற்காப்போன். அவன் பேச்சு நகைச்சுவைக்கு மட்டுமல்ல, கழுவுவதற்கான அவகாசமும்கூட. முழுதாகப் பேசினால் ஏறக்குறைய மூன்று நான்கு நிமிடம் கிடைக்கும். அதை வெட்டினால் ஈரக் கையோடுதான் மக்பெத் வருவார். திரைக்குப் பின்னால் வெதுவெதுப்பான நீர் ஒரு வாளி, சுத்த நீர் ஒரு வாளி, நகத்துக்குச் சிறு பிரஷ், கறுப்புத் துண்டு இரண்டு, உதவிக்கு ஒருவர். கறுப்பு ரப்பர் விரிப்பு ஒன்றும் வேண்டும். சோப் சொட்டிய பலகையில் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு.

ஒளி: கொலை என்றதும் சிவப்பு விளக்கைப் போடாதீர்கள். சிவப்பு ஒளியில் சிவப்பு ரத்தம் மறைந்துவிடும். நீல ஒளியில் கறுப்பாகத் தெரியும், அது இந்தக் காட்சிக்கு நன்றாகவே பொருந்தும்.

கடைசியில் மக்பெத்துக்குக் குற்றவுணர்ச்சி எஞ்சியிருக்கிறதா?

கொஞ்சம். 5.3இல் மனநோய்க்கு மருந்து உண்டா என்று வைத்தியரைக் கேட்கிறான். மனைவிக்காகக் கேட்பதுபோல், தனக்காகவும். 5.5இல் பெண்களின் அலறல் கேட்டும் பயம் வரவில்லை, பயத்தின் ருசியே கிட்டத்தட்ட மறந்துவிட்டது என்கிறான். மனைவி இறந்த செய்திக்கு அவனால் அழ முடியவில்லை. ஆனால் 5.8இல் மக்டஃபைக் கண்டதும் திரும்பிப் போ, உன் வீட்டாரின் ரத்தம் ஏற்கெனவே என் ஆன்மாமேல் அதிகம் இருக்கிறது என்கிறான். வெளிப்படையாக அவன் ஒப்புக்கொள்ளும் ஒரே கடன் அது. நடிகர் அதை ஏளனமாகச் சொல்லலாம், உண்மையாகவும் சொல்லலாம். உண்மையாகச் சொன்னால் சண்டைக்கு எடை கூடும்.

வரலாற்று மக்பெத்தும் இப்படித்தானா?

இல்லை. 1040இல் முதலாம் டங்கன் கொல்லப்பட்டது போரில், விருந்தில் அல்ல. அவர் கிழவரும் அல்ல. மக்பெத் 1057 வரை 17 ஆண்டுகள் ஆண்டார், 1050இல் ரோமுக்குப் புனிதப் பயணமும் போனார். விருந்தாளி அரசனைத் தூக்கத்தில் கொன்ற கதையை ஷேக்ஸ்பியர் ஹாலின்ஷெட்டின் வேறொரு பக்கத்திலிருந்து, டான்வால்ட் என்பவன் டஃப் மன்னனைக் கொன்ற சம்பவத்திலிருந்து எடுத்தார். மனைவி தூண்டியதும் காவலர்களுக்கு மதுவூட்டியதும் அங்கே உண்டு.

முழுதும் படிக்க நேரமில்லை. எந்தக் காட்சிகள் போதும்?

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது இதுதான், ஹாம்லெட்டில் ஏறக்குறைய பாதி. முழுதும் படித்துவிடலாம். அப்படியும் முடியாதென்றால் 1.7, 2.2, 3.2, 3.4, 5.1, இந்த வரிசையில். 3.2 மிகச் சிறியது, எல்லாரும் தாண்டிப் போவது. அதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மூன்றாம், நான்காம் அங்கங்களில் வரும், சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கட்டியின் பகுதிகளைத் தாண்டலாம். அவை தாமஸ் மிடில்டன் என்ற நாடகாசிரியர் பின்னால் சேர்த்தவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.